தேறாத மாணவி

வேதியியல் புத்தகத்தின் மேல் திங்கட்கிழமை வைத்த கறுப்பு நூலிழை வியாழக்கிழமையும் அதே இடத்தில் படுத்திருந்தது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மனைவியின் தையல் பெட்டியிலிருந்து அவரே திருடி, அட்டையின் குறுக்கே கோணாமல் வைத்த நூல் அது. புத்தகத்தை யாராவது திறந்திருந்தால் கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. மேலே கொஞ்சம் தூசி வேறு படிந்து, போர்வை போர்த்தியதுபோல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க தேடறீங்க?" என்றாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமலே.

"ஒண்ணுமில்ல. தூசி தட்டலாம்னு."

"கல்யாணமான நாள்லேருந்து தட்டாத தூசியை இன்னைக்கா தட்டப் போறீங்க? போய் வண்டியை எடுங்க, ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

மாஸ்டருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவருடைய காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் உண்டு. பக்கத்து சீட்டில் அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. அடுத்தவர் ஓட்டும் வண்டியைத் தன் காலால் நிறுத்தியே வயதானவர். சினிமாவுக்குப் போனால் திரையில் ஒரு கார் வேகமாக வந்தால் போதும், முன்சீட்டில் இருப்பவர் முதுகில் ஒரு உதை விழும். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், மனைவி அவரை முதல் வரிசையிலேயே உட்கார வைக்கப் பழகிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவருடைய ஒரே மகள், வீட்டில் பாப்பா, பத்தாவது முடித்த கையோடு வந்து நின்றாள். இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம், நானாகவே படித்துக் கல்லூரிக்குப் போகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் மாஸ்டரை மடக்கியது.

"அங்க ஒரு பாடம் பிடிச்சுப்போய் நல்லா உள்ள போகும்போது மணி அடிச்சிடறாங்கப்பா."

நாலாவது கியருக்கு வரும்போதெல்லாம் யாரோ பிரேக்கை மிதிப்பதுபோல் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பாப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நீங்க கேக்கக் கூடாது. படிச்சியா, எத்தனை பக்கம் படிச்சே, இப்ப ஏன் படிக்கல, எதுவும் கேக்கக் கூடாது. ஒண்ணு கேட்டீங்கன்னா நானும் ஒண்ணு கேப்பேன். அதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

அவர் சரி என்றார். மறுநாள் காலையிலேயே, என்னம்மா படிக்கிறே என்று கேட்டார். வெயிலில் நிற்கிற டயர் ஏன் இறுகுகிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். வெயிலில் அப்படித்தான் என்றார். ஏன் அப்படித்தான் என்றாள். பிழைப்பே டயரின் மேல் ஓடுகிற மனிதர் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். அன்றோடு வாயைக் கட்டினார். காலைக் கட்ட முடியவில்லை. பாப்பா புத்தகத்தை மூடிவைத்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தால் போதும், எதிரே நாற்காலியில் இருக்கும் மாஸ்டரின் கால் தானாகத் தரையை அழுத்தும்.

கவலைக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் போகாமல் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்கிற கல்லூரி ஒன்றே ஒன்றுதான் அந்தப் பக்கத்தில். அங்கே சும்மா நாலு கேள்வி கேட்டு அனுப்ப மாட்டார்களாம். ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இதைச் செய்து காட்டு என்பார்களாம். தவறினால் திரும்பவும் பள்ளிக்கூடம்தான், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில். பாப்பா அந்தப் பெஞ்சில் முழங்கால் இடித்து உட்கார்ந்திருப்பதுபோல் மாஸ்டருக்கு அடிக்கடி கனவு வந்தது. அந்தக் கனவில் கையெழுத்துப் போட்ட பேனா அவர் கையிலேயே இருக்கும்.

எரிகிறதில் எண்ணெய் ஊற்ற மனைவியின் அண்ணன் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். தன் மகள் விடியுமுன் ஒரு டியூஷன், விடிந்ததும் ஒரு டியூஷன் என்று பறப்பதைச் சொல்லிவிட்டு, பாப்பாவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

"மாப்பிள்ளை, பொண்ணை ஏதாவது கடையில உக்கார வைக்கிற யோசனை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்குத் தெரிஞ்ச இடம் நாலு இருக்கு."

அதனால்தான் நூல். அந்த நூலும் காலை வாரிவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, உங்க நூல் ஒண்ணு என் புத்தகத்து மேல படுத்திருக்கு. பாவம், எழுப்ப மனசு வரல. அதான் நாலு நாளா வேற புத்தகத்துல படிக்கிறேன்."

மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தண்ணீர் குடித்தார். வெகுநேரம் குடித்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் டீச்சர் வந்து சேர்ந்தார்.

ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத உடை, தடித்த கண்ணாடி, தழைந்த பேச்சு. காலையில் ஒரு பாடம், மாலையில் ஒரு பாடம் வேண்டும் என்றார். புதிதாக வருகிறவர்களிடம் மாஸ்டர் கேட்பது இரண்டே கேள்வி: கண் நன்றாகத் தெரியுமா, சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா. டீச்சர் இரண்டுக்கும் ஆமாம் என்றார். மாஸ்டருக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கதை தெரிந்தது. இடப்பக்கம் திருப்புங்கள் என்றால் வைப்பர் ஓடும். வண்டியை எடுங்கள் என்றால் பின்னால் போகும். ஸ்டியரிங்கை அவர் பிடித்த பிடியைப் பார்த்தால், நடுக்கடலில் கட்டை கிடைத்தவர் தோற்றுப்போவார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ மண்டூகங்களைத் தேற்றியவர் மாஸ்டர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு ஆறுதல். மனிதர், நாய், பூனை எதன் பக்கமும் வண்டி போகாது. காலி அட்டைப்பெட்டி, குப்பைத்தொட்டி, யாரும் உட்காராத பெஞ்சு இவையாகப் பார்த்துத்தான் போய் இடிக்கும். ஏதோ புண்ணியம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, குப்பைத்தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டார், டீச்சர் என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று.

"கெமிஸ்ட்ரி" என்றார் டீச்சர்.

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். டீச்சர் நடுரோட்டில் கட்டினார். அங்கேயே, பின்னால் ஹாரன் அலற, மாஸ்டர் மகளின் கதையை முழுக்கச் சொன்னார். பாப்பாவுக்குத் தெரியாமல் அவளைக் கொஞ்சம் சோதித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா, அதற்குப் பதிலாகப் பாடத்துக்குக் கட்டணமே வேண்டாம் என்றார்.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பொண்ணுக்குத் தெரியாம பண்றது தப்பில்லையா மாஸ்டர்?"

"தப்புதான் டீச்சர். அதனாலதான் தெரியாம பண்ணச் சொல்றேன்."

டீச்சர் யோசித்தார். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தி இருமினார். கடைசியில் சம்மதித்தார்.

வீட்டுக்கு வர ஒரு சாக்கு வேண்டுமே. மனைவி தையற்காரி, டீச்சர் தன் வீட்டு ஜன்னல் திரையைச் சின்னதாக்க வருகிறார் என்று மாஸ்டர் ஏற்பாடு செய்தார். மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரையை வாங்கிக்கொண்டாள். அதுவே அவருக்கு அதிசயமாக இருந்தது.

முதல் நாள் டீச்சரும் பாப்பாவும் கூடத்தில் உட்கார்ந்து பேசியதை அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். இருவரும் அப்படியொரு மரியாதையோடு பேசிக்கொண்டார்கள்.

"உங்க பேரு என்னம்மா?"

"பாப்பான்னு கூப்பிடுவாங்க டீச்சர். நீங்க டீச்சரா டீச்சர்?"

"ஆமாம்மா. சோப்புல ஏன் நுரை வருதுன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?"

"அடடா. இதுவரைக்கும் யோசிக்கலையே டீச்சர். இன்னைக்கே யோசிக்கிறேன்."

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒரு சோப்பு நுரைக்கே இந்தத் தடுமாற்றமா. மறுநாள் காரில், எப்படி இருக்கிறாள் டீச்சர் என்று மெல்ல இழுத்தார்.

"ஒரு தடவை பாத்துட்டு எப்படிச் சொல்றது மாஸ்டர்? இன்னும் சில தடவை வரணும். அதுவரைக்கும் நீங்க அவளை எதுவும் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா என் கணக்கு தப்பிடும்."

ஆக, டீச்சர் வாரந்தோறும் வந்தார். வரும்போதெல்லாம் அதே திரையை எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தாள். தரைவரைக்கும் தொங்கிய திரை ஜன்னல் அளவுக்கு வந்தது. ஜன்னல் அளவு பாதி ஜன்னலாயிற்று.

"இன்னும் ஒரு தடவை வெட்டினா இது கைக்குட்டை" என்றாள் மனைவி. "அப்புறம் டீச்சர் மூக்கு சிந்தத்தான் வரணும்."

"உனக்கென்ன, சிரிப்பே. பொண்ணு விஷயம் எனக்குத்தான் தூக்கத்தைக் கெடுக்குது."

"தெரியுதே. மத்தியானம் பூரா நீங்க குறட்டை விடறது எதிர்வீடு வரைக்கும் கேக்குது."

டீச்சரிடமிருந்து உருப்படியான செய்தி வரவில்லை. பார்க்கலாம், வளர்கிற பிள்ளை, பொறுங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. மதியமானால் பாப்பா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். லைப்ரரிக்கு என்கிறாள் மனைவி. லைப்ரரி தெருவின் இந்த முனையில் இருக்கிறது. பாப்பா அந்த முனைக்கு நடக்கிறாள். எங்கே போகிறாய் என்று கேட்டால் மறுபடி டயரைப் பற்றிக் கேட்பாள். டயர் ஏன் இறுகுகிறது என்று அவர் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டதால் டீச்சரின் பாடத்தை மதியத்துக்கு மாற்றினார். டீச்சருக்கு அது பிடிக்கவே இல்லை. வேறு வேலை இருக்கிறது என்று தயங்கித் தயங்கித்தான் வந்தார். நாற்சந்திக்கு வந்தபோது, எதிரே பாப்பா பஸ் ஏறுவதை மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"டீச்சர், அந்த பஸ் பின்னாடியே போங்க. விட்டுடாதீங்க."

"எந்த பஸ் மாஸ்டர்?"

"முன்னாடி நிக்குதே, அது."

"முன்னாடி ஒண்ணும் தெரியலையே."

பஸ் ஒரு வீட்டின் அளவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. மாஸ்டர் விரலை நீட்டினார். டீச்சர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு எதையோ இழுத்தார், எதையோ மிதித்தார். நாற்சந்தியின் நட்டநடுவில் என்ஜின் அணைந்தது. நாலு பக்கமும் வண்டிகள் கத்தின. போக்குவரத்துக் காவலர் ஓடிவந்தார். அவரிடம் டீச்சர் ஜன்னலை இறக்கி, தாம் கற்றுக்கொள்கிறவர் என்றும், சிரமத்துக்கு வருந்துவதாகவும், காவலரின் வேலை எவ்வளவு கஷ்டமானது என்றும் நிதானமாகச் சொல்லி முடித்தபோது பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. அப்புறம் வண்டியை எடுத்தார். ஒரு துள்ளு துள்ளி அது ஓரத்தில் அப்போதுதான் பூசியிருந்த ஈர சிமெண்ட் நடைபாதையில் ஏறி நின்றது.

சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டயர்த் தடத்தை ஒரு தரம், டீச்சரை ஒரு தரம் பார்த்தார்.

"அம்மா, கையோட ஒரு கைநாட்டும் வச்சிட்டுப் போயிடுங்க" என்றார்.

மாஸ்டரின் கால் அன்றே வீங்கிவிட்டது. பல மாதங்களாக டீச்சருக்காக அந்தப் பிரேக்கை மிதித்த மிதியில் கெண்டைச்சதை கல்லாகியிருந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன வேலை, வண்டி ஓட்டுகிறீர்களா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். நிறுத்தறேன்."

ஒரு வாரம் காலை அசைக்கக் கூடாது, வீட்டிலேயே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டுப் பாப்பாவின் முகம் வாடியதை மாஸ்டர் பார்த்தார். அப்பாவின் மேல் எவ்வளவு பாசம் என்று அவர் பூரித்துப்போனார்.

அடுத்த நாள் பூராவும் பாப்பாவின் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் அல்லவா. பாப்பா பக்கம் புரட்டினால் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடிக்க எழுந்தால் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மேலே பார்த்து யோசித்தால் அவரும் மேலே பார்த்து, ஒட்டடை இருக்கிறதே என்றார். மதியம் அவள் பையை எடுத்தபோது, வெயிலாக இருக்கிறதே, வீட்டிலேயே படிக்கலாமே என்று பொதுவாகச் சுவரிடம் சொன்னார். அவள் பையை மாட்டினாள், கழற்றினாள், உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு அலுப்பா இல்லையா?"

"இல்லவே இல்லம்மா. இப்படி உன்கூட உக்காந்து எத்தனை நாளாச்சு. நீ படி."

மறுநாள் பொழுது விடிந்து விடியாமல் டீச்சர் வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. லைசென்ஸ் பரீட்சைக்குத் தேதி வந்துவிட்டது, ஒரு பாடம்கூடத் தவற விட முடியாது, காலைக்கும் மாலைக்கும் நடுவில்கூட ஒன்று வேண்டும் என்றார்.

"நீங்க காலை அசைக்கவே வேண்டாம் மாஸ்டர். பக்கத்துல உக்காந்து வாயால சொன்னாப் போதும்."

மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு ஆர்வமுள்ள மாணவியை வைத்துக்கொண்டு நம்மால் தேற்ற முடியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. அவர் பதில் சொல்வதற்குள் மனைவி தலையணையும் தண்ணீர் பாட்டிலும் மதியச் சாப்பாடும் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அன்று அவர் கால் தலையணையின் மேல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயால் மட்டும் சொன்னார். கண்ணைத் திறந்தபோது வண்டி முனை திரும்பி, மேட்டில் ஏறி, ஒரு குலுங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆனந்தத்தில் டீச்சரைப் பாராட்டினார். டீச்சர் திடுக்கிட்டதுபோல் அவரைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் ஒரு குப்பைத்தொட்டி உருண்டது.

பரீட்சைத் தேதி வந்தது. அன்று டீச்சருக்குக் காய்ச்சல். அடுத்த தேதிக்குக் கண்ணாடியைக் காணோம். அதற்கடுத்த தேதிக்கு வீட்டில் விருந்தாளி. மாஸ்டரிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்காமல் போனவர் என்று அதுவரை ஒருவர் கிடையாது. மற்ற டிரைவிங் பள்ளிக்காரர்கள் அவரைக் கண்டால், அந்தம்மா இன்னும் ஓட்டுகிறார்களா, குப்பைத்தொட்டியெல்லாம் நலமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். மகளுக்காக மானத்தை விட்டுக்கொடுப்பது ஒரு தகப்பனுக்குப் பெரிய விஷயமா.

இப்படியே கல்லூரி நேர்காணல் நாள் வந்துவிட்டது.

பாப்பாவைத் தன் காரிலேயே அழைத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டைத் தாண்டுமுன்பே நெஞ்சு உறுத்தியது. உள்ளே கேட்பார்கள், பள்ளிக்கூடம் போகாமல் யாரிடம் படித்தாய் என்று. இவள் நிமிர்ந்து நின்று, யாரிடமும் இல்லை, நானாகப் படித்தேன் என்பாள். அது பொய் என்று இவளுக்கே தெரியாது. மகளைப் பொய் சொல்ல வைத்த தகப்பன் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கப்பா."

"அந்த டீச்சர் திரை தைக்க வரல."

பாப்பா மெல்லத் திரும்பினாள். "பின்ன எதுக்குப்பா வந்தாங்க?"

"உனக்கு எவ்வளவு தெரியும்னு பாக்க. நான்தான் வரச் சொன்னேன். கேக்க மாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்துட்டு, இன்னொருத்தங்க வாயால கேட்டேன். நீ உன்பாட்டுக்குப் படிக்கிறதா நினைச்சுக்கிட்டு இருந்தே, நான் பின்னாலேருந்து ஆளை ஏவிவிட்டுட்டேன். உள்ள கேட்டாங்கன்னா மறைக்காம சொல்லிடும்மா."

பாப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. மாஸ்டர் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினார்.

"அழாதம்மா. போற நேரத்துல நான் வேற."

"அழலப்பா." குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணுல தூசி. நீங்க பண்ணது தப்புதான். ஆனா எனக்குக் கோபமில்ல. நிஜமா இல்லப்பா. நேரமாச்சு, போலாம்."

எப்பேர்ப்பட்ட மனசு இவளுக்கு என்று நினைத்தபடி ஓட்டினார்.

கல்லூரி ஒரு மேட்டின் மேல் இருந்தது. குறுகலான வாசல், அதிலிருந்து செங்குத்தாக ஏறுகிற பாதை. வாசல் காவலாளி பாப்பாவைப் பார்த்ததும் எதுவும் விசாரிக்காமல் சிரித்து வழிவிட்டார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. பாப்பா ஏறிப் போனாள். இவர் காவலாளியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பதற்றத்தில் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. உள்ளே போனது தன் மகள் என்பதில் ஆரம்பித்து, கையெழுத்து, மச்சானின் பெருமூச்சு, கெண்டைச்சதை வரைக்கும் காவலாளியிடம் கொட்டித் தீர்த்தார். காவலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உள்ளே ஆய்வுக்கூடத்தில் என்னென்ன இருக்கும், பிள்ளை பயந்துபோவாளே, கண்ணாடிக் குழாயைக்கூட அவள் கையால் தொட்டதில்லையே என்று மாஸ்டர் புலம்பியபோது மட்டும், அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாஸ்டர் அடுத்த கவலைக்குப் போய்விட்டார்.

வெயில் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. மேலிருந்து பாப்பா இறங்கி வந்தாள். நடை சாதாரணமாக இருந்தது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. மாஸ்டரின் கால் பெஞ்சுக்கு அடியில் மண்ணை அழுத்தியது.

"கிடைச்சிடுச்சுப்பா."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னம்மா கேட்டார்கள் என்றார். கேட்ட பிறகுதான் கேட்கக் கூடாது என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாப்பா சிரித்தாள். "இன்னையிலேருந்து கேக்கலாம்பா. பள்ளிக்கூடம் போகாம எப்படிப் படிச்சேன்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியணும்னு முதல்ல பாத்தேன், அது யாருக்குத் தெரியும்னு தேடினேன், தேடிப் போய் அவங்ககிட்டயே கேட்டேன்னு சொன்னேன். அப்புறம் ஒரு திரவத்தைக் குடுத்து என்னன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. கண்டுபிடிச்சேன்."

மாஸ்டர் மனைவிக்குப் போன் செய்தார். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, வரும்போது நல்லதாக ஒரு திரைத்துணி வாங்கி வாருங்கள், பாவம் அந்த டீச்சர் வீட்டு ஜன்னல் திறந்து கிடக்கும் என்றாள். ஆமாம், முதலில் டீச்சருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று மாஸ்டரும் நினைத்தார். இனி மகளைப் பற்றிக் கவலையில்லை. டீச்சருக்கு எப்படியாவது லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிறவிக்கடன் தீர்ந்தது. கால்வலிகூடத் தெரியவில்லை. வெயில் இதமாக இருந்தது. பாப்பா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். இப்படியே கொஞ்ச நேரம் நிற்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் மேலே என்ஜின் சத்தம் கேட்டது.

பெரிய நீலக் கார் ஒன்று அந்தச் செங்குத்துப் பாதையில் பின்பக்கமாக இறங்கி வந்தது. ஒரு புறம் வரிசையாக நிறுத்திய பைக்குகள், மறுபுறம் சுவர். இரண்டுக்கும் நடுவே கயிறு பிடித்ததுபோல் வேகமாக வந்தது. ஓட்டியவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஜன்னலில் முழங்கையை ஊன்றி, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி. இஸ்திரி கலையாத உடை.

மாஸ்டர் ஒரே தாவலில் காவலாளியின் சட்டையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார்.

"தள்ளுங்க, தள்ளிடுங்க சார். அந்தம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான்தான் கத்துக்குடுத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் தேறல."

கார் வாசல் தூண்களுக்கு நடுவே உரசாமல் நுழைந்து, வளைந்து, ரோட்டோரத்தில் பூப்போல வந்து நின்றது. பாப்பா திடீரென்று வானத்தில் எதையோ கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். காவலாளி கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியாதா? நான் இந்த கேட்டுக்கு வந்த நாள்லேருந்து அந்த கெமிஸ்ட்ரி மேடம் அவங்களேதான் ஓட்டிட்டு வராங்க. இந்த ஒரு வருஷமா உங்க பொண்ணையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுதானே சார் வராங்க."